அரை ஏக்கர் பப்பாளி: வாழப்பாடிப் பக்கம் முதல்முறை நடுபவர்களுக்கு

சேலம் மாவட்டம் வாழப்பாடி பக்கத்தில் பேளூரில் வசிஷ்ட நதியை ஒட்டி எங்களுக்கு 3 ஏக்கர் காடு, அதாவது விவசாய நிலம். காலங்காலமாகக் குச்சிக்கிழங்கும் (மரவள்ளி) மஞ்சளும்தான் வெள்ளாமை. அதில் முதல்முறை அரை ஏக்கர் பப்பாளி போட்டபோது 600 கன்றில் 140 கன்று ஐப்பசி மழையில் அழுகிப் போனது. மிஞ்சியதில் பெரும்பகுதி நாங்கள் காசு கொடுத்து வாங்கிய ரகமே இல்லை. இரண்டாவது முறையும் அதே கிணறு, அதே அரை ஏக்கர் அளவு. காய் வந்தது, கடனும் அடைந்தது. நடுவில் என்ன மாறியது என்பதைத்தான் எழுதுகிறேன்.

உரமும் மருந்தும் எப்போது கேட்டாலும் யாராவது சொல்லித் தருவார்கள். ஆனால் தண்ணீர் வடிகிற இடம், நம்பகமான நாற்று, நேரத்துக்குக் கையில் இருக்கும் காகிதம் ஆகிய மூன்றும் நடவுக்கு முன்பே முடிந்துவிட வேண்டியவை. நட்ட பிறகு இவற்றைத் திருத்த வழியில்லை. அதனால் இந்தக் கட்டுரையில் பாதி, கன்று மண்ணுக்குள் போவதற்கு முந்தைய வேலையைப் பற்றித்தான் இருக்கும்.

1. முதலில் நாள் கணக்கு

ஜூன் முதல் செப்டம்பர் வரை நடலாம், கனமழை நேரத்தைத் தவிர்க்க வேண்டும் என்பது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. அதில் நம் பக்கத்துக்கு எது ஏற்றது என்று கேட்டால் ஆனி மாதம் என்பேன். ஆனியில் வைத்த கன்று ஐப்பசி மழைக்குள் இடுப்பு உயரம் வந்து தண்டு தடித்துவிடும். நாங்கள் முதல் தடவை புரட்டாசிக் கடைசியில் வைத்தோம். வேர் பிடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

ஆனி நடவு என்று முடிவு செய்துவிட்டுப் பின்னோக்கி எண்ணுங்கள். கன்றுக்கு 45 முதல் 60 நாள் வயது வேண்டும். அப்படியென்றால் சித்திரைக் கடைசியில் விதை பைக்குள் போயிருக்க வேண்டும். நாற்றுப்பண்ணையில் வாங்குவதானால் சித்திரை பிறந்ததுமே சொல்லிவைக்க வேண்டும். சொட்டுநீர் மானியத்துக்கு எழுதிக் கொடுத்த நாளிலிருந்து குழாய் போட்டு முடிக்கும்வரை எங்களுக்கு 4 மாதம் ஆனது. ஆகவே தை கடைசியிலோ மாசியிலோ காகிதங்களோடு கிளம்புங்கள்.

ஆடிக்குத் தள்ளிப் போடாதீர்கள். சேலம் கோட்டை மாரியம்மனுக்குப் பண்டிகை தொடங்கிவிட்டால் சுற்றுவட்டாரத்தில் ஊருக்கு ஊர் பண்டிகைதான். அந்த வாரங்களில் இரட்டைக் கூலி தருகிறேன் என்றாலும் குழி எடுக்க ஆள் வராது. நாற்று பைக்குள்ளேயே முற்றி, வேர் சுருண்டு கிடக்கும்.

ஏற்காட்டில் நிலம் வைத்திருப்பவர்கள் என்னைக் கேட்பதுண்டு. மலை மேல், 1,500 மீட்டர் உயரத்தில், வியாபாரத்துக்குப் பப்பாளி வேண்டாம். குளிருக்குக் காய் கோணலாக வரும், இனிப்பும் ஏறாது. மேலே காப்பியும் மிளகும் இருக்கட்டும். இங்கே எழுதுவது அடிவாரத்துக்கும் கீழ்நாட்டுக்கும்தான்.

2. காகிதம்: இங்கேதான் நாங்கள் அதிகம் அலைந்தோம்

சொட்டுநீர் இல்லாமல் பப்பாளியில் இறங்க வேண்டாம். வாய்க்காலில் விட்டால் தண்ணீர் தண்டைச் சுற்றி நிற்கும், தண்டு அழுகும். சொட்டுநீருக்குத் தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 விழுக்காடு மானியம், மற்றவர்களுக்கு 75 விழுக்காடு. 2.5 ஏக்கர் வரை குறு விவசாயி, 5 ஏக்கர் வரை சிறு விவசாயி. நீங்கள் போக வேண்டிய இடம் உங்கள் வட்டாரத்தின் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகம்.

எங்களிடம் கேட்டவை: சிட்டா (நில உரிமைப் பதிவு), அடங்கல் (சாகுபடிப் பதிவு), புலப்படம் (நில வரைபடம்), சிறு குறு விவசாயி சான்று, ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கம், 2 புகைப்படம், மண், தண்ணீர் பரிசோதனை அறிக்கை. சிட்டாவை இணையத்திலேயே காசில்லாமல் எடுக்கலாம். அடங்கல் கிராம நிர்வாக அலுவலரிடம். சிறு குறு விவசாயி சான்றுக்கு இ-சேவை மையத்தில் பதிய வேண்டும். அங்கிருந்து கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று மூன்று கை மாறி வரும். எங்களுக்கு 3 வாரம் ஆனது. எல்லாவற்றுக்கும் முன்னால் இதற்குப் பதிந்துவிடுங்கள், மற்றவற்றை அதற்குள் சேர்த்துக்கொள்ளலாம்.

இனி, மாட்டிக்கொள்ளும் இடங்கள். எங்கள் நிலம் கூட்டுப் பட்டா. என் மாமனாரின் அப்பா பெயரும் அதில் அப்படியே இருந்தது. அவர் காலமாகி 11 வருடம். சிட்டாவில் இருக்கும் பெயரும் ஆதாரில் இருக்கும் பெயரும் ஒன்றாக இல்லாவிட்டால் விண்ணப்பம் முதல் மேசையிலேயே நின்றுவிடும். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பங்காளிகள் கையெழுத்து, பிறகு சர்வேயர் வந்து அளந்து உட்பிரிவு செய்து தனிப் பட்டா என்று முடிக்க எங்களுக்கு ஒரு வருடமே போய்விட்டது. முதல்முறை சொட்டுநீர் இல்லாமல் நட்டதற்கு இதுதான் காரணம். உங்கள் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று இந்தக் கட்டுரையை முடித்ததும் எடுத்துப் பாருங்கள்.

அடுத்தது, அடங்கலில் கிணறோ ஆழ்துளைக் கிணறோ பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். நீர் ஆதாரம் பதிவில் இல்லாமல் திருப்பி அனுப்பப்பட்டவர்களை அந்த அலுவலக வாசலில் பார்த்திருக்கிறேன். மூன்றாவது, விண்ணப்பத்தில் பயிர் என்ற இடத்தில் ‘பப்பாளி’ என்றே எழுதுங்கள். குழாயின் இடைவெளியைப் பயிரை வைத்துத்தான் கணக்கிடுவார்கள். கிழங்கு என்று எழுதிவிட்டுப் பப்பாளி நட்டால் சொட்டுவாயும் (குழாயில் தண்ணீர் சொட்டும் இடம்) குழியும் ஒன்றுக்கொன்று சேராது.

முழு மானியம் உள்ளவர்களிடம் குழாய் போட வரும் ஆட்கள் சாப்பாட்டுக்கு, வண்டிக்கு என்று தனியாகக் கேட்டால், எதற்கு என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எங்களிடம் கேட்டார்கள். எழுதித் தரச் சொன்னதும் கேட்பதை விட்டுவிட்டார்கள்.

மண் பரிசோதனைக்கு நாங்கள் சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் கொடுத்தோம். நாமக்கல் போகும் சாலையில் இருக்கிறது. மண் எடுத்துப் போகும்போது எரு கொட்டிய இடத்திலும் வரப்போரத்திலும் எடுக்காதீர்கள். தண்ணீரையும் ஒரு பாட்டிலில் கொண்டுபோங்கள். மோட்டாரை 10 நிமிடம் ஓடவிட்டுப் பிடித்த தண்ணீராக இருக்கட்டும்.

3. தண்ணீர் வடிகிற இடமா?

பப்பாளி வேருக்கு மூச்சு வேண்டும். இரண்டு நாள் தண்ணீர் நின்றால் மரம் போய்விடும். இலை மஞ்சளாகி, தலை தொங்கி, மண்ணோடு ஒட்டிய இடத்தில் தண்டு கொழகொழவென்று ஆகிவிடும். அதன்பிறகு எந்த மருந்தும் ஏறாது.

செம்மண், சரளை கலந்த செம்மண் நல்லது. களிமண்ணும் கரிசலும் வேண்டாம். ஆனால் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். எங்கள் ஆற்றோர மூலை மேலே பார்க்க நல்ல செம்மண்தான். இரண்டடிக்குக் கீழே கெட்டிக் களிமண் என்பது 140 கன்று சாய்ந்த பிறகுதான் தெரிந்தது.

இப்படிச் செய்யுங்கள். நிலத்தின் நான்கு மூலையிலும் நடுவிலும் இரண்டடி ஆழக் குழி எடுங்கள். மாலையில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றுங்கள், வடிந்ததும் மறுபடி ஊற்றுங்கள். விடிந்து போய்ப் பார்க்கும்போது இரண்டாவது தண்ணீர் குழியில் மீதி நின்றால் அந்தப் பகுதியை விட்டுவிடுங்கள். நாங்கள் இரண்டாவது முறை அந்த மூலையை அப்படியே விட்டுவிட்டு, அரை ஏக்கரைக் கிணற்று மேட்டுப் பக்கம் நகர்த்திக்கொண்டோம். கீழே எங்கள் வயதுப் புளியமரம் ஒன்று இருக்கிறது, அதன் நிழல் படாத தூரமும் பார்க்க வேண்டியிருந்தது. பப்பாளிக்கு முழு வெயில் வேண்டும்.

நல்ல வடிகால் இருந்தாலும் மேட்டுப்பாத்திதான் போட வேண்டும். ஒன்றரை அடி உயரப் பார் பிடித்து, பார் நடுவில் கன்று. பார்களுக்கு இடைப்பட்ட வாய்க்கால் எல்லாம் ஒரே பக்கம் சரிந்து, கடைசியில் வெளியேறும் வழியைத் திறந்து வைத்திருக்க வேண்டும். வெளியேற வழி விடாமல் பார் மட்டும் பிடித்தால் அது குளம் வெட்டியது போலத்தான்.

4. ரகமும் நாற்றும்

சந்தையில் ஓடுவது சிவப்புச் சதை. அதற்குப் பெரும்பாலும் இரண்டு வழி. ஒன்று ரெட் லேடி, தைவான் வீரிய ஒட்டு ரகம். விதை விலை கூடுதல், வீணாகும் மரம் குறைவு. இன்னொன்று கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 8. விதை மலிவு. ஆனால் இதில் ஆண் மரம் தனி, பெண் மரம் தனி. பூ வரும்வரை எது எது என்று தெரியாது. அதனால் பைக்கு 4 விதை போட்டு, குழிக்கு 2 அல்லது 3 கன்று விட்டு, பூ வந்ததும் கழிக்க வேண்டும். 15 முதல் 20 பெண் மரத்துக்கு ஓர் ஆண் மரம் இருந்தால் போதும்.

ரெட் லேடியில் ஆண் மரமே வராது. வருவது பெண் மரமும், ஒரே பூவில் ஆணும் பெண்ணும் சேர்ந்திருக்கும் இருபால் மரமும்தான். இருபால் மரத்தின் காய் நீளம், அதற்குத்தான் வியாபாரி கையை நீட்டுவார். பெண் மரத்துக் காய் உருண்டை.

நாங்கள் முதல்முறை ஏமாந்தது இங்கேதான். ரெட் லேடி என்று சொல்லி ஒரு பண்ணையில் கன்று 18 ரூபாய் என்று 600 வாங்கினோம். பில் கேட்டதற்கு, அடுத்த வாரம் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். ஐந்தாவது மாதம் மூன்றில் ஒரு மரத்தில் நீள நீளமாகப் பூச்சரம் தொங்கியது. அதாவது ஆண் மரம். கடையில் வாங்கிய பழத்தின் விதையிலோ, பக்கத்து ஆண் மரத்து மகரந்தம் பட்ட விதையிலோ போட்ட நாற்று. புகார் கொடுக்க விதை ஆய்வாளரிடம் போனால், பில் எங்கே, விதைப் பாக்கெட் எங்கே என்று கேட்டார். எங்களிடம் இரண்டும் இல்லை.

எனவே நாற்றுப்பண்ணையில் உரிமம் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பில்லில் ரகத்தின் பெயர், விதைக் குவியல் எண், விதைத்த தேதி, எண்ணிக்கை நான்கும் இருக்கட்டும். காலி விதைப் பாக்கெட்டைக் காட்டச் சொல்லி, கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முன்பணம் கொடுத்தால் அதற்கும் ரசீது வேண்டும். இதற்கு முகம் சுளிக்கும் இடத்தில் வாங்காதீர்கள்.

கன்றைப் பார்க்கும்போது பண்ணையையும் சுற்றிப் பாருங்கள். 40 கண் வலைக்குள் (பூச்சி நுழையாத நெருக்கமான வலை) வளர்ந்த கன்றாக இருக்க வேண்டும். பக்கத்தில் கிழட்டுப் பப்பாளி மரம் சுருண்ட இலையோடு நின்றால் திரும்பி வந்துவிடுங்கள். பப்பாளியைத் தாக்கும் வளைபுள்ளி வைரஸ் விதை வழியாக வருவதில்லை. அசுவினி என்ற சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சி கொண்டுவந்து நாற்றிலேயே ஏற்றிவிடும். இரண்டாவது முறை நாங்கள் விதையாகவே வாங்கி, வீட்டுப் பின்னால் வலை கட்டி, பைக்கு ஒரு விதை என்று போட்டோம். 10 நாளில் தொடங்கி 20 நாளுக்குள் முளைத்துவிட்டது. பையில் மண் எப்போதும் ஈரமாக இருக்கலாம், சேறாக இருக்கக் கூடாது.

5. நடவு

இடைவெளி 6 அடிக்கு 6 அடி. ஏக்கருக்கு 1,200 கன்று, அரை ஏக்கருக்கு 600. ஒன்றரை அடி நீள அகல ஆழத்தில் குழி எடுத்து இரண்டு வாரம் ஆறவிட்டு, குழிக்கு 10 கிலோ மக்கிய தொழுவுரமும், உயிர் உரங்களான அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா ஒவ்வொன்றும் 20 கிராமும் மேல்மண்ணோடு கலந்து நிரப்புங்கள். மக்காத சாணியைப் போட்டால் சூட்டில் வேர் வெந்துவிடும்.

மாலை 4 மணிக்கு மேல் நடுங்கள். பையைக் கிழிக்கும்போது மண் உருண்டை உடையக் கூடாது. பப்பாளி வேர் முறிந்தால் எளிதில் தேறாது. பையில் எந்த மட்டத்தில் மண் இருந்ததோ அதே மட்டத்தில் குழியிலும் இருக்கட்டும். தண்டை ஆழப் புதைத்தால் அழுகல் அங்கேயே தொடங்கும். சொட்டுவாயைத் தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

நடவுக்கு ஒரு மாதம் முன்பே நிலத்தைச் சுற்றி 2 வரிசை மக்காச்சோளம் விதைத்துவிடுங்கள். ஏன் என்பதை நோய்ப் பகுதியில் சொல்கிறேன். முதல் 4 மாதம் இடையில் சின்ன வெங்காயம் போடலாம், நாங்கள் போட்டோம், களையெடுத்த கூலி அதில் வந்தது. பூசணி, பீர்க்கு, தர்ப்பூசணி, வெள்ளரி எதுவும் உள்ளேயும் வேண்டாம், வரப்பிலும் வேண்டாம். தக்காளி, மிளகாயும் வேண்டாம்.

6. பூ வரும் நாட்கள்

நட்ட 5, 6 மாதத்தில் இலைக்கணுவில் மொட்டு வரும். கோ 8 போட்டிருந்தால் இந்த இரண்டு வாரம் தினமும் காலையில் வரிசை வரிசையாக நடந்தே ஆக வேண்டும்.

என் மாமனாருக்கு 70 வயது. பூவைப் பறித்துக் கையில் வைத்துதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். “இங்க பாரும்மா, அடி பெருத்து, நுனி கூம்பி, தண்டோட ஒட்டிக்கிட்டு இருக்கா, இது பெண்ணு.” நகத்தால் கீறினார். உள்ளே இளம்பச்சையில் குட்டிக் காய், அதைச் சுற்றி மகரந்தப் பையே இல்லை. இன்னொன்றைப் பறித்தார். மெலிசாக, விரல் போல நீளம். கீறினால் நடுவில் ஒல்லியான காய், அதைச் சுற்றி மஞ்சளாகப் பத்து மகரந்தப் பை. அது இருபால் பூ. “ஆணுக்கு இப்படிக் கீறவே வேண்டாம். முழ நீளத்துக்குத் தொங்கும், பிச்சிப்பூச் சரமாட்டம்.” மூன்றையும் ஒரு வெள்ளைத் துண்டின் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டால் பிறகு மறக்காது. நீங்களும் அப்படிச் செய்து பாருங்கள்.

கழிக்கிற கன்றைப் பிடுங்காதீர்கள், பக்கத்துக் கன்றின் வேர் சேர்ந்து வரும். மண் மட்டத்தில் அறுத்து விடுங்கள்.

பங்குனி, சித்திரை வெயிலில் இருபால் மரத்தில் பூ நிறைய வந்தும் காய் பிடிக்காமல் உதிரும். கடும் வெயிலுக்குப் பூவுக்குள் இருக்கும் காய் சூம்பிவிடுகிறது. தண்டில் ஒரு முழத்துக்குக் காயில்லாமல் இடைவெளி விழும். நோய் என்று நினைத்து மருந்துக் கடைக்குப் போக வேண்டாம். தண்ணீரைக் குறைக்காமல் விட்டால் மழை வந்ததும் மறுபடி பிடிக்கும்.

ஒரு கணுவில் இரண்டு மூன்று காய் நெருங்கினால் எலுமிச்சை அளவிலேயே கோணலானதை எடுத்துவிடுங்கள். மனசு வராது. எடுக்காவிட்டால் மூன்றும் நசுங்கி, மூன்றுமே கழிவில் போகும்.

7. உரமும் தண்ணீரும்

வேண்டாத மரங்களைக் கழித்த பிறகு, 2 மாதத்துக்கு ஒருமுறை மரத்துக்குத் தழை, மணி, சாம்பல் சத்து தலா 50 கிராம். இதை மூட்டைக் கணக்காக்கினால் மரத்துக்கு யூரியா 110 கிராம், சூப்பர் பாஸ்பேட் 310 கிராம், பொட்டாஷ் 83 கிராம். 600 மரத்துக்கு ஒரு தடவைக்கு யூரியா ஒன்றரை மூட்டை, சூப்பர் 4 மூட்டை, பொட்டாஷ் 1 மூட்டை. வாங்கப் போகும்போது ஆதார் வேண்டும், கைரேகை வைக்க வேண்டும். 45 கிலோ யூரியா மூட்டையின் விலை 266 ரூபாய் 50 காசு. அதற்கு மேல் கேட்டால், அல்லது யூரியாவோடு வேறு ஏதோ டப்பாவையும் வாங்கியே ஆக வேண்டும் என்றால், பில் கேளுங்கள்.

உரத்தைத் தண்டிலிருந்து ஒரு முழம் தள்ளி வட்டமாகப் போட்டு மண் மூடுங்கள். நட்ட 4, 8 ஆம் மாதங்களில் 10 லிட்டர் தண்ணீருக்குத் துத்தநாக சல்பேட் 50 கிராம், போரிக் அமிலம் 10 கிராம் கலந்து இலையில் தெளிக்க வேண்டும். போரான் குறைந்தால் காய் மேடு பள்ளமாகிப் பால் கசியும்.

தண்ணீர், காய் தாங்கிய மரத்துக்குக் கோடையில் நாளுக்கு 20 லிட்டருக்குக் குறையாமல். மழை நாளில் மோட்டாரைத் தொட வேண்டாம்.

8. மூன்று தொல்லைகள்

முதலாவது வேரழுகல். மழைக் காலத்துக்கு முன்பே 1 விழுக்காடு போர்டோ கலவையைத் தண்டடியில் ஊற்றுங்கள். மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 100 கிராமை 5 லிட்டரில் கரைத்துக்கொள்ளுங்கள், நீற்றிய சுண்ணாம்பு 100 கிராமை இன்னொரு 5 லிட்டரில் கரையுங்கள். இரண்டும் பிளாஸ்டிக் வாளியில். துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்க வேண்டும். கலந்ததும் தேய்த்துச் சுத்தம் செய்த இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். அப்படியே ஊற்றினால் கன்று கருகிவிடும். அன்றைக்குக் கலந்ததை அன்றைக்கே முடித்துவிடுங்கள்.

இரண்டாவது மாவுப்பூச்சி. 2008இல் கோவையில் கண்டுபிடிக்கப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி நம் பக்கத்துக் குச்சிக்கிழங்கையும் விடவில்லை. அதனால் பக்கத்துக் காட்டில் கிழங்கு இருந்தால் அதன் குருத்தையும் சேர்த்துப் பாருங்கள். பஞ்சு போல வெள்ளையாகப் படிந்திருக்கும், கூடவே எறும்பு ஓடும். இதற்கென்றே பியூர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்து 2010இல் விடப்பட்ட ஒட்டுண்ணிக் குளவி இருக்கிறது, அசிரோஃபேகஸ் பப்பாயே என்று பெயர். கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னது. அதுதான் இந்தப் பூச்சியை அடக்கி வைத்திருக்கிறது. கடுமையான மருந்து அடித்தால் முதலில் சாவது குளவிதான், மாவுப்பூச்சி பஞ்சுக்குள் பத்திரமாக இருக்கும். வெள்ளை தெரிந்ததும் அந்த இலையை வெட்டி எரியுங்கள், தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள், வேப்பெண்ணெய்க் கரைசல் தெளியுங்கள். பரவினால் சந்தியூரில் குளவி கிடைக்குமா என்று கேளுங்கள்.

மூன்றாவது, வளைபுள்ளி வைரஸ். இதற்கு மருந்து கிடையாது. இருக்கிறது என்று சொல்லி யார் விற்றாலும் வாங்காதீர்கள். குருத்திலை பச்சையும் மஞ்சளுமாகத் திட்டுத் திட்டாகும். இலைக்காம்பில் எண்ணெய் பட்டது போல நீளக் கோடு தெரியும். பிறகு இலை கயிறு போல ஒடுங்கும், பச்சைக் காயில் வளையம் வளையமாகத் தழும்பு விழும். அசுவினி பப்பாளியில் குடியிருப்பதில்லை. பறந்து போகும் வழியில் உட்கார்ந்து, ஒரு குத்துக் குத்தி ருசி பார்த்துவிட்டுப் போய்விடும். அந்தச் சில நொடியில் வைரஸ் ஏறிவிடும். நாம் அடிக்கும் மருந்து அதைக் கொல்வதற்குள் வேலை முடிந்திருக்கும். சுற்றிலும் மக்காச்சோளம் போடச் சொன்னது இதற்காகத்தான். அசுவினி முதலில் அதில் குத்தினால், வாயில் ஒட்டியிருக்கும் வைரஸ் அங்கேயே போய்விடும். பூ வருவதற்கு முன் ஒரு மரத்தில் இந்த அடையாளம் தெரிந்தால் அன்றைக்கே வெட்டிப் புதையுங்கள். நான் ஒரு மரத்தைத் தேறிவிடும் என்று 10 நாள் விட்டுவைத்தேன். அந்த வரிசையில் அடுத்து 9 மரம் போனது.

9. வெட்டு

நட்ட 9, 10 மாதத்தில் முதல் காய். அடிப்பக்கம் நுனியில் ஒரு மஞ்சள் கோடு தெரிந்தால் வெட்டலாம். நகத்தால் லேசாகக் கீறினால் பால் கெட்டியாக வராமல் தண்ணீர் போல வரும், அதுவும் அடையாளம். வெளியூர் லாரிக்கு ஒரு கோடு போதும். உழவர் சந்தைக்குக் கால் பங்கு மஞ்சள் வரட்டும்.

கோடு விழாத பச்சைக் காயை வெட்டச் சொல்லி வியாபாரி அவசரப்படுத்துவார். ஒப்புக்கொள்ளாதீர்கள். மாங்காய் பறித்த பிறகும் இனிப்பேறும், ஏனென்றால் அதில் மாவுச்சத்து இருப்பு உண்டு. பப்பாளியில் அது கிடையாது. மரத்தில் ஏறிய இனிப்புதான் கடைசிவரை. பறித்த பிறகு மெத்தென்று ஆகும், நிறம் மாறும், அவ்வளவுதான்.

காலையில் பனி உலர்ந்ததும் தொடங்கி வெயில் ஏறுமுன் முடியுங்கள். முழுக்கை சட்டை, கையுறை, முகத்துக்குத் துணி கட்டாயம். பால் கண்ணில் பட்டால் எரிச்சல் தாங்காது. கையில் பட்டாலும் தோல் உரியும். தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு இறங்குவது எங்கள் பெண்களின் வழக்கம். கையால் பிடித்துத் திருகினால் காம்போடு வரும், இல்லையேல் கத்தியால் கொஞ்சம் காம்பு விட்டு அறுக்கலாம். தரையில் வைக்காதீர்கள். பழத்தைத் தனித்தனியாகச் செய்தித்தாளில் சுற்றி, வைக்கோல் பரப்பிய கிரேட்டில் காம்பு கீழே இருக்கும்படி ஒரே அடுக்காக வையுங்கள். இன்றைக்கு விரல் பட்டுக் கன்றிய இடம் மூன்றாம் நாள் கறுத்து அழுகும். கோடு விழுந்த காய் வீட்டுக்குள் 4, 5 நாளில் தானாகவே பழுக்கும். கார்பைடு கல் சட்டப்படி தடை செய்யப்பட்டது, தேவையும் இல்லை.

10. விற்பனை: நடும் முன்பே பேசுங்கள்

வாரத்துக்கு ஒருமுறை வெட்டு, கோடையில் இருமுறை. வியாபாரி ஆள் கொண்டுவந்து வெட்டி லாரி ஏற்றிக்கொள்வார். எங்களுக்குக் கிலோ 7 ரூபாய்க்கும் போனது, 19 ரூபாய்க்கும் போனது. சேலம் மாம்பழம் குவியும் மே, ஜூனில் விலை இறங்கியது, ரம்ஜான் நோன்பு மாதத்தில் ஏறியது.

விலையைவிடக் கழிவை முதலில் பேசுங்கள். 100 கிலோவுக்கு எத்தனை கிலோ தள்ளுவார், உருண்டைக் காய்க்கு என்ன விலை, காகிதமும் கூலியும் யார் தலையில் என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். வெறும் லாரியை எடை மேடையில் ஏற்றிய சீட்டு உங்கள் கையில் வந்த பிறகுதான் ஏற்றத் தொடங்க வேண்டும். பணம் பாக்கி வைத்தால் அடுத்த வெட்டு இல்லை என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். நாங்கள் சொல்லாமல் 3 வெட்டு விட்டோம். ஒரு வெட்டுக்கான பணம் இன்றுவரை வரவில்லை.

மிச்சக் காய்க்கும் உருண்டைக் காய்க்கும் உழவர் சந்தைதான் நல்லது. அம்மாபேட்டை, அஸ்தம்பட்டி, தாதகாப்பட்டி, சூரமங்கலம், ஆத்தூர் என்று பக்கத்திலேயே இருக்கிறது. விவசாயி அடையாள அட்டை வேண்டும். சிட்டா, ஆதார், புகைப்படத்தோடு சந்தை நிர்வாக அலுவலரைப் பாருங்கள். முதல் வெட்டுக்கு ஒரு மாதம் முன்பே அட்டையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தலைவாசல் சந்தைக்கும் கொண்டு போகலாம், அங்கே கமிஷன் உண்டு.

பப்பாளிப் பால் எடுத்துக் கொடுங்கள், நாங்கள் வாங்கிக்கொள்கிறோம் என்று யாராவது ஒப்பந்தத்தோடு வந்தால், புதியவர்கள் இறங்க வேண்டாம். அதற்கு ஏற்ற ரகமும் வேண்டும், காயைக் கீறப் பழகிய ஆளும் வேண்டும்.

11. எங்களுக்கு ஆன செலவு

இரண்டாவது முறை, அரை ஏக்கருக்கு, முதல் காய் வெட்டும்வரை: உழவும் பார் பிடித்ததும் 4,000. குழி 6,000. தொழுவுரம் 10,000. விதை, பை, வலை 11,000. உரம் 3 தடவைக்கு 13,000. களையும் மற்றக் கூலியும் 12,000. மருந்து 3,000. ஆகமொத்தம் 59,000 ரூபாய். குழாய் மானியத்தில் வந்ததால் இதில் இல்லை. சொந்த உழைப்பும் இல்லை. இந்தப் பணம் 10 மாதம் திரும்பாமல் மண்ணில் கிடக்கும். வட்டிக்கு வாங்கியாவது ஒரு ஏக்கராகப் போடலாம் என்று தோன்றும். முதல்முறை அரை ஏக்கரோடு நில்லுங்கள்.

12. எடுத்துவிடும் காலம்

இரண்டு வருடம் தாண்டினால் மரம் உயர்ந்து, காய் சிறுத்து, வெட்டுக்கூலி காய் விலையைத் தொடும். 30 மாதத்துக்குள் எடுத்துவிடுங்கள். அதே இடத்தில் உடனே மறுபடி பப்பாளி வேண்டாம். நாங்கள் மக்காச்சோளம் போட்டோம். வெட்டிய தண்டை வரப்பில் அடுக்காமல், வேரோடு எடுத்துக் குழியில் போட்டு மூடுங்கள். நாலைந்து மரம் வீட்டுக்கு இருக்கட்டும் என்று மூலையில் விட்டால், வைரஸ் அதில் உட்கார்ந்துகொண்டு அடுத்து நீங்களோ பக்கத்துக் காட்டுக்காரரோ நடும் புதுக் கன்றுக்குக் காத்திருக்கும்.